அப்படி ஒருவர் இத்தெருவில் இல்லை

1

ஒருவர் இந்த முகவரியில் வசிக்கவில்லை என்று சொல்லி வாக்காளர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்குவதானால், நீக்குவதற்கு முன் அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இது என் யோசனை அல்ல, சட்டம். இறந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கூப்பிட்டாலும் அவர்கள் வரமாட்டார்கள் என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. சித்ரம் மாமி இறக்கவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில், காதோரம் பென்சிலைச் செருகிக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம். சித்தி மகன் என்னைப் பந்தியில் உட்காரவைத்து, "அக்கா வெளிநாட்டுல செட்டில் ஆயிட்டாக" என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்தான். களியக்காவிளை சோதனைச்சாவடியைத் தாண்டினால் அவனுக்கு வெளிநாடுதான். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அவன் சொன்னது முழுப்பொய் இல்லை. வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் ஒன்று போதும். பக்கத்து மாநிலத்துக்குப் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் தவிர மற்ற எல்லாம் வேண்டும்.

பக்கத்து இலைக்காரப் பெண், "அங்க ஒங்களுக்கு ஓட்டெல்லாம் உண்டா பெரியம்மா?" என்று கேட்டாள்.

"உண்டு. ஆனா அந்தக் கதையை சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவுல சொல்ல முடியாது."

பாயசம் வரும்வரை சொல்லிப் பார்த்தேன். பாதி மிச்சம் நின்றது. அதனால் எழுதுகிறேன்.

2

எனக்கு இங்கே மாற்றல் வந்தது எண்பத்தெட்டில். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நான் உதவியாளர். கணவருக்குச் சாலை பஜாரில் பெரியப்பா மகனின் இரும்புக் கடை இருந்தது, அதில் பங்குதாரராகச் சேர்ந்துகொண்டார். மகள் வித்யாவுக்கு எட்டு வயது.

வெளிநாட்டுக்குரிய லட்சணங்கள் எல்லாம் இருந்தன. பஸ்ஸில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாது, பின்னால் ஓடிப்போய்க் கேட்க வேண்டும். ரேஷன் கார்டை அங்கே ரத்துசெய்து, ரத்துசெய்த சான்றிதழை இங்கே கொடுத்து, அந்தச் சான்றிதழ் அசல்தான் என்பதற்கு இன்னொரு சான்றிதழ் வாங்கினேன். எல்லாப் படிவத்திலும் 'வீட்டுப்பேர்' என்று ஒரு கட்டம். இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டுப்பேர் உண்டு, நமக்குக் கதவெண்தான் உண்டு.

"வீட்டுபேரு எந்தா?" என்றார் குமாஸ்தா.

"அது வாடகை வீடு சார்."

"வாடகை வீட்டினும் பேரு வேணம் அம்மே."

கடைசியில் அவரே 'ஸ்ரீவராகம்' என்று எழுதிக்கொண்டார். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நான் இன்றுவரை அரசாங்கக் காகிதத்தில் ஸ்ரீவராகம் குடும்பத்துப் பெண்.

மொழியிலும் பள்ளங்கள் இருந்தன. மலையாளத்தில் 'அவகாசம்' என்றால் உரிமை. நமக்கு அது தவணை. ஒரு வருடம் குழம்பினேன், பிறகு தெளிந்தேன். அலுவலகங்களில் இரண்டும் ஒன்றுதான். முதல் அர்த்தத்தில் கேட்டால் இரண்டாம் அர்த்தத்தில் கொடுப்பார்கள்.

குடிவந்த முதல் வாரமே ஒரு மாமி வந்து நின்றார். நரைத்த தலை, வெளிறிய கைத்தறிப் புடவை, தோளில் ரெக்சின் பை. பால் வேண்டுமா, வேலைக்காரி வேண்டுமா என்று கேட்க வந்தவர் என்று நினைத்தேன்.

"திருநெல்வேலியோ? பேச்சிலயே தெரியறது. நோக்கு வோட்டு இருக்கோ?"

"ஊர்ல இருக்கு மாமி."

"ஊர்ல இருக்கற வோட்டு ஊர்லயே கிடக்கும். நீ இங்கேன்னா கிடக்கறாய்? இந்தா, பேர் சேர்க்கற ஆறாம் நம்பர் ஃபாரம். பூர்த்தி பண்ணு. பண்ணறப்போ மூஞ்சியை ஆட்டாதே, கேட்டியா, நான் வரையணும்."

படிவத்தை நான் நிரப்பி முடிப்பதற்குள் மாமி என்னை வரைந்து முடித்திருந்தார். உருவம் அச்சாக நான்தான். ஆனால் நான் கண்ணாடியில் பார்ப்பதைவிடக் கொஞ்சம் தைரியமாக இருந்தேன். அடியில் பெயர் எழுதச் சொன்னார். 'தா. சண்முகவடிவு' என்று எழுதினேன்.

"தா யாரு?"

"எங்க அப்பா. தாணு."

"அவருக்கு இங்கே வோட்டு உண்டோ?"

"அவுக காலமாகி அஞ்சு வருசம் ஆச்சு."

"பின்னே அவரை எதுக்குடி க்யூவில நிறுத்தறாய்? உன் பேரை மட்டும் எழுது."

வித்யா பக்கத்தில் நின்று சிரித்தாள். அன்றிலிருந்து அவர் எங்களுக்குச் சித்ரம் மாமி. எங்களுக்கு மட்டுமா? தெருவுக்கே அப்படித்தான்.

3

மாமி தன் கதையை வரிசையாகச் சொன்னதே இல்லை. அப்பளம் காயவைக்கும்போது ஒரு துண்டு, மின்சாரம் போனபோது ஒரு துண்டு என்று எனக்குக் கிடைத்ததைக் கோத்துவைத்திருக்கிறேன்.

பதினாறு வயதில், சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குத் தபாலில் படம் அனுப்பினார். அவர்கள் ஒரு தொடர்கதைக்கே படம் கேட்டு எழுதிவிட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா நல்லவர், சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. பெண்ணின் பெயர் அச்சில் வரக்கூடாது, நாலு பேர் வாயில் விழக்கூடாது. அதனால் படத்தின் வலது மூலையில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு புள்ளி. உங்கள் அச்சு இயந்திரத்தில் ஏதோ கோளாறு, வாரா வாரம் ஒரே இடத்தில் மை சொட்டுகிறது என்று ஒரு வாசகர் ஆசிரியருக்குப் புகார் எழுதினாராம்.

கதாநாயகி தலைகுனிந்து இருக்க வேண்டும் என்று ஆசிரியர் ஒருமுறை கேட்டார். மாமி குனியவைத்தார். கையில் ஒரு செய்தித்தாளையும் கொடுத்துவிட்டார். "தலை குனிஞ்சுண்டுதானே இருக்கா? படிக்கறப்போ எல்லாரும் குனியத்தானே செய்வா" என்று பதில் எழுதினாராம். அந்தப் படம் அப்படியே வெளிவந்தது.

கல்யாணமானபின் கணவரும் தடுக்கவில்லை. சாயங்காலம் வந்தால் பென்சில் சீவித்தருவார். பத்து வருடத்தில் அவர் போய்விட்டார். குழந்தை இல்லை. புள்ளி மட்டும் மூலையில் நின்றது.

வயதுவந்த எல்லோருக்கும் வோட்டு என்று வந்த முதல் தேர்தலுக்குப் பெயர் எழுத ஆள் வந்தபோதுதான் மாமியின் இன்னொரு வாழ்க்கை தொடங்கியது. ஆண்கள் வாசலில் நின்று பெயர் கொடுத்தார்கள். பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். "அவர் ஆத்துக்காரின்னு போட்டுக்கோங்கோ." "பெரியவனோட அம்மான்னு எழுதுங்கோ." கதவிடுக்கு வழியாக வந்ததெல்லாம் இப்படித்தான். சொந்தப் பெயரை அந்நிய ஆணிடம் சொல்வது வழக்கமில்லை. இன்னாரின் மனைவி என்று எழுதியதெல்லாம் பட்டியலில் நிற்காது, அடித்துவிடுவார்கள் என்று மாமிக்குத் தெரியவந்தது. வீடு வீடாகப் போய்ச் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் வரைபலகையோடு போனார். "வா, உன்னைப் படம் வரையறேன். துட்டு வேண்டாம்." இதற்கு மட்டும் யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. புடவை மாற்றிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். வரைந்து முடித்ததும், "அடியில உன் பேரை எழுது" என்பார். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, இவர் எழுதுவார்.

ஒரு வீட்டில் கணவர் குறுக்கே வந்தார். "படத்துக்கு எதுக்கு பேரு?"

"கலண்டர்ல இருக்கற லக்ஷ்மிக்கே அடியில பேர் போட்டிருக்கானே, இவளுக்கு என்ன கேடு?"

அப்படிச் சேர்ந்த பெயர்களையெல்லாம் பெயர் எழுத வந்தவரிடம் அந்தந்தப் பெண்களையே சொல்லவைத்தார். படத்தில் ஒருமுறை எழுதிய பெயரை இரண்டாம் முறை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. தெருவில் அநேகமாக எல்லாப் பழைய வீட்டுச் சுவரிலும் அந்தப் படங்கள் இன்றும் தொங்குகின்றன. அடியில் பெண்ணின் பெயர், மூலையில் புள்ளி.

அதற்குப் பிறகு மாமி நிறுத்தவேயில்லை. சாலை பஜாரை ஒட்டிய ஆரியசாலையில் தானியம் புடைக்கிற பெண்கள், சாக்குத் தைக்கிற பெண்கள், கட்டட வேலைக்கு வந்த நம் பக்கத்துப் பெண்கள் எல்லோரையும் பிடித்தார். ஊர்ப்பட்டியலில் அடிபட்டு, இங்கேயும் ஏறாமல், இரண்டு ஊரிலும் இல்லாதவர்களாகக் கிடந்தவர்கள் அவர்கள். வோட்டுச்சீட்டில் முத்திரை எங்கே குத்துவது, எப்படி மடிப்பது என்று எழுத்தே இல்லாமல் படம் வரைந்து கடைச்சுவர்களில் ஒட்டுவார். எங்கள் கடைச்சுவரிலும் ஒன்று இருந்தது. "மாமிக்கு எந்தக் கட்சி?" என்று என் கணவர் ஒருநாள் சீண்டினார்.

"பென்சில் கட்சி. சின்னம் ரப்பர். தப்பாப் பேசினா அழிச்சுடுவேன், கேட்டேளா?"

4

நான் ஓய்வுபெற்ற மறுவருடம், சட்டமன்றத் தேர்தலுக்கு முன், திருத்திய பட்டியலைப் பள்ளிக்கூடத்தில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். மாமி பூதக்கண்ணாடியோடு போனார். அவர் வழக்கம், தெருவில் எல்லோர் பெயரையும் சரிபார்த்துவிட்டுத் தன் பெயரைக் கடைசியில் பார்ப்பது. அன்று திரும்பிவந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தார்.

"வடிவு, எல்லாரும் இருக்கா. நான் இல்லை."

"நல்லாப் பாத்தீகளா மாமி?"

"மூணு தரம் பார்த்தேன். அடிச்சிருக்கான். 'ஸ்தலத்தில் இல்லை'ன்னு."

"என்ன பேர்ல இருந்துச்சு?"

"என் பேர்லதான். பர்வதவர்த்தினி."

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த வித்யாவின் கை நின்றது. இருபத்தொரு வயது. கல்லூரியில் மலையாளம், சிநேகிதிகளோடு மலையாளம், கனவிலும் மலையாளம். தமிழ் என்னோடு சண்டை போடுவதற்கு மட்டும்.

"அம்மா... ஒரு ஆளு வந்து கேட்டாரு. நீங்க ஊருக்குப் போயிருந்தப்போ. மாமியும் அவங்க தம்பி வீட்டுக்கு நாகர்கோவில் போயிருந்தாங்க. வீடு பூட்டியிருக்கு, பர்வதவர்த்தினின்னு ஒராள் உண்டோன்னு கேட்டாரு." குரல் இறங்கியது. "அங்ஙனெ ஒராள் இவிடெ இல்லல்லோன்னு சொல்லிட்டேன்."

அப்படி ஒருவர் இங்கே இல்லை. பதின்மூன்று வருடம் மாமி பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்த குழந்தை சொன்னது.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி கையை உயர்த்தினார். "அவளைத் திட்டாதே. தெருவுல வேற யாரைக் கேட்டிருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பா. நீ வேணா கேட்டுப் பாரு."

கேட்டேன். பெயரைத் திரும்பச் சேர்க்கச் சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதால் எப்படியும் கேட்டாக வேண்டும். எதிர்வீட்டுக் குஞ்சு மாமிக்கு மாமியோடு ஐம்பது வருடப் பழக்கம். "சித்ரத்தோட பேரா? சித்ரம்தான். வேற பேர் வேற இருக்கோ?" அவருக்கு அடுத்த வீட்டிலும் அதே பதில். மூலைவீட்டில், "கல்யாணப் பத்திரிகை வைக்கறச்சே அவ தம்பி பேரைப் போட்டு 'குடும்பம்'னு எழுதிடுவோம்" என்றார்கள்.

எல்லோர் பெயரையும் கேட்டு வாங்கியவரின் பெயரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அவரும் சொல்லியிருக்கவில்லை. அப்பாவின் நிபந்தனை அச்சுக்கு மட்டும்தான். புள்ளி அதைத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டது.

"மாமி, ஒங்ககிட்ட என்ன அத்தாட்சி இருக்கு? போட்டோ கார்டு?"

"கார்டுக்குப் படம் பிடிச்ச அன்னிக்கு ஆரியசாலைப் பொண்கள் பயந்துண்டு நின்னா. அவாளை வரிசையில நிறுத்திண்டிருந்தேன். என் முறை வரச்சே லைட்டை அணைச்சுட்டான்."

ரேஷன் கார்டு, முன்பு கூடக் குடியிருந்த தம்பி பெயரில். வீட்டுவரி இறந்துபோன கணவர் பெயரில். பத்திரிகைகளில் புள்ளி. மாமி உயிரோடு இருக்கிறார் என்பதற்கு மாமியைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

"இந்தத் தடவை விட்டா அஞ்சு வருஷம், வடிவு. நேக்கு எழுபத்தெட்டு. அடுத்த தடவை நிஜமாவே ஸ்தலத்தில் இருக்கமாட்டேன்."

பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டார், திரும்பவும் வெளியே எடுத்தார்.

5

நான்கு தேர்தலில் வாக்குச்சாவடி வேலை பார்த்தவள் நான். ஆறாம் படிவம், உறுதிமொழி, சாட்சிகளின் கடிதம், எல்லாவற்றுக்கும் நகல், நகலுக்கும் ரசீது. ரசீது கொடுக்க வழக்கமில்லை என்றார் குமாஸ்தா. வழக்கம் இல்லாமல் இருக்கலாம், விதி இருக்கிறது என்று நின்றேன். கொடுத்தார். ஒரு வாரத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

விசாரித்த அதிகாரி நாற்பது வயதுப் பெண். மேசைப் பலகையில் பதவி மட்டும் இருந்தது, பெயர் இல்லை. மாமி அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

குஞ்சு மாமிதான் முதல் சாட்சி. வழியெல்லாம் ஆட்டோவில், "பர்வதவர்த்தினி, பர்வதவர்த்தினி" என்று ஜபம்போலச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஈ அம்மயுடெ பேரெந்தா?" என்றார் அதிகாரி.

"சித்ரம்" என்றார் குஞ்சு மாமி. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குமாஸ்தா கோப்பை மூடுவதற்குக் கை வைத்தார். நான் எழுந்தேன்.

"மேடம், பேரைச் சொல்ல வேண்டியது விண்ணப்பதாரர். அதை அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நீக்கியதற்குக் காரணமாகப் போட்டிருப்பது அந்த விலாசத்தில் இல்லை என்பது. சாட்சியிடம் கேட்க வேண்டியது, எதிரே நிற்பவர் அந்த வீட்டில் வசிக்கிறாரா என்பதை மட்டும்தான்." இதை நான் மலையாளத்தில் சொன்னேன். பதின்மூன்று வருடத்தில் என் மலையாளம் ஒரு தவறும் இல்லாமல் வந்த நாள் அது.

அதிகாரி என்னை ஒரு கணம் பார்த்தார். "சார் ஏது டிபார்ட்மென்டா?" இங்கே பெண்ணுக்கும் சார்தான்.

"ரிட்டயர்ட்."

"தோணி" என்றார், அப்படித்தான் நினைத்தேன் என்பதுபோல. சிரிப்பை அடக்கிக்கொண்டு குஞ்சு மாமியிடம் திரும்பினார். "ஈ அம்ம நிங்ஙளுடெ எதிரெ ஆணோ தாமசம்?" எதிரில்தான் குடியிருக்கிறாரா என்கிறார்.

"ஐம்பது வருஷமா! காலம்பர எழுந்து வாசல் திறந்தா இவ மூஞ்சிதான். வேற கதி?"

அதிகாரி எழுதிக்கொண்டார். அவர் எழுதும் நேரத்தில் மாமியின் பென்சிலும் ஓடியது. அதிகாரி நிமிர்ந்தபோது மாமி படத்தை மேசைமேல் நகர்த்தினார். குனிந்து எழுதும் ஒரு பெண், நெற்றியில் விழுந்த முடி.

"அடியில பேர் எழுதணும் மோளே. அதுதான் என் கூலி."

அதிகாரி தயங்கினார். "சித்ரம் ரெக்கார்டாவில்ல, கேட்டோ." படத்தை ஆதாரமாக எடுக்க முடியாது என்கிறார்.

"ரெக்கார்டுக்கு இல்லை. நோக்கு."

அதிகாரி தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டுப் படத்தைத் திருப்பி மாமியிடமே நீட்டினார். "இனி அம்மயும் ஒப்பிடணும்." மாமியும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

மாமி பென்சிலை வலது மூலைக்குக் கொண்டுபோனார். புள்ளி விழுந்தது. அறுபது வருடக் கை, கேட்காமலே செய்தது.

"மாமி," என்றேன், "புள்ளிக்கு ஓட்டு கிடையாது."

மாமி என்னை முறைத்தார். பிறகு புள்ளியிலிருந்தே தொடங்கி, இடமில்லாமல் காகித ஓரம்வரை நெருக்கி, 'பர்வதவர்த்தினி' என்று முழுசாக எழுதினார். "இத்தனை நீளமா வச்சுட்டு அச்சுல போடாதேன்னார் அப்பா! பேப்பர் செலவுன்னு பயந்திருப்பார்."

ஆணை தபாலில் வரும் என்றார் அதிகாரி.

6

தபாலில் வரவில்லை. நான் கவலைப்படவும் இல்லை. ஆணை ஒரு மேசை, அச்சுக்குப் போகும் பட்டியல் வேறு மேசை. இரண்டும் பேசிக்கொள்வதில்லை என்பதே சில சமயம் குடிமக்களுக்கு அனுகூலம். மாமி அதற்குள் புதுப்படம் வரையத் தொடங்கியிருந்தார். இந்த முறை முத்திரை இல்லை, இயந்திரம். பொத்தானை அழுத்தும் ஒரு விரல், கண்ணாடி வளையல் போட்ட கை. ஆரியசாலைச் சுவர்களில் ஒட்டினோம். மூலையில் முழுப்பெயர்.

தேர்தலன்று மாமி, நான், வித்யா மூவரும் போனோம். வித்யாவுக்கு முதல் சட்டமன்ற வோட்டு. பட்டியலைப் புரட்டியவர் உதட்டைப் பிதுக்கினார். "இல்லா."

"துணைப்பட்டியலைப் பாருங்கள். கடைசிப் பக்கம்" என்றேன்.

புரட்டினார். விரல் இறங்கி நின்றது. பெயர் கட்டத்தில் அடங்காமல் இரண்டு வரியாக அச்சாகியிருந்தது. மாமி பூதக்கண்ணாடியை எடுத்து, வரிசை காத்திருக்க, எழுத்து எழுத்தாகப் பார்த்தார்.

"அச்சுல வந்துடுத்துடி" என்றார். பிறகு மறைப்புக்குள் போனார். இயந்திரம் கூவியது. வெளியே வந்து மை வைத்த விரலைத் தெருமுனைவரை ஊதிக்கொண்டே நடந்தார்.

அந்த வாரம் தெருவில் ஒரு வேடிக்கை நடந்தது. குஞ்சு மாமி தன் சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, "இதுலயும் உன் பேரைப் போடு, நாளைக்கு இன்னொருத்தன் வந்து கேட்டா நான் முழிக்கப்படாது" என்றார். அதைப் பார்த்து மற்ற வீட்டிலிருந்தும் படச்சட்டங்கள் இறங்கின. மாமி கண்ணாடியைக் கழற்றச் சொல்லி ஒவ்வொன்றிலும் புள்ளியைப் பெயராக்கினார். என் படத்திலும் இருக்கிறது. என் பெயரைவிட அவர் பெயர் நீளம். என் பெயரை இடப்பக்கம் தள்ளி எழுதியிருக்கக்கூடாதா என்று என்னையும் திட்டினார்.

ஆட்சி மாறியது, மழை வந்தது. ஒருநாள் காலை, பழைய தபால்காரர் விடுப்பில் இருந்ததால் புது ஆள் வந்தார். கையில் பதிவுத் தபால். தெரு நடுவில் குடையோடு நின்று, கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"பர்வத... வர்த்தினி. அங்ஙனெ ஒராள் இவிடெ உண்டோ?"

குஞ்சு மாமி ஜன்னலிலிருந்து கை காட்டினார். மூலைவீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர்களுக்கெல்லாம் முந்திக்கொண்டு எங்கள் மாடியிலிருந்து வித்யா கத்தினாள், தமிழில்:

"இருக்காங்க! அடுத்த வீடு! கதவைத் தட்டுங்க, பர்வதவர்த்தினி மாமி உள்ளதான் இருக்காங்க!"

மாமி வெளியே வந்து, நடந்து முடிந்த தேர்தலில் தாங்கள் வாக்களிக்கலாம் என்று அரசாங்கம் அனுப்பிய அந்த உத்தரவை முழுக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அன்று 2001 ஜூலை 18, புதன்கிழமை.